பூனைக்கு ஸ்ட்ரோலர்: கோலாலம்பூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, பூனையை உட்காரவைத்துத் தள்ளிச் செல்லும் வண்டியான ஸ்ட்ரோலர் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு நாய் மாலையானால் வாலை ஆட்டிக்கொண்டு லிப்டில் இறங்குகிறது. நம் பூனை மட்டும் பன்னிரண்டாவது மாடியில் அடைந்து கிடக்கிறதே என்று மனம் இளகுகிறது. அன்றிரவே ஷோப்பி இணையக் கடையில் ஒரு ஸ்ட்ரோலருக்கு ஆர்டர் போய்விடுகிறது. இந்த இரக்கத்தில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. நாய் ஆளோடு ஒட்டிய பிராணி. வளர்ப்பவர் எங்கே போனாலும் அதற்குக் கொண்டாட்டம். பூனை இடத்தோடு ஒட்டிய பிராணி. கன்னத்தை உரசித் தன் மணத்தைப் பூசி வைத்த மேசைக்கால், ஆபத்தென்றால் நுழைந்துகொள்ளக் கட்டிலடி, வெயில் விழும் சன்னலோரம் என்று அதன் நிம்மதி முழுவதும் தெரிந்த இடங்களில்தான் இருக்கிறது. அங்கிருந்து பெயர்த்து எடுத்துப் புக்கிட் பிந்தாங் நாற்சந்தியில் நிறுத்தினால் அதை உலா என்று பூனை எடுத்துக்கொள்ளாது.

ஆகவே எந்த வண்டி நல்லது என்று கேட்கும் முன், இந்தப் பூனைக்கு இது வேண்டுமா என்று கேளுங்கள். கதவு திறக்கும் போதெல்லாம் நடைக்கூடத்துக்கு நழுவப் பார்க்கிற பூனை, விருந்தாளி வந்தால் ஓடாமல் செருப்பை முகர்கிற பூனை, பால்கனி வலையில் மூக்கை வைத்து மைனாவைப் பார்த்துப் பல்லைக் கிடுகிடுக்கிற பூனை ஆகியவற்றுக்கு வெளியுலகம் பிடிக்க வாய்ப்புண்டு. அழைப்பு மணி ஒலித்தாலே கட்டிலடியில் மறைகிற பூனைக்குச் சன்னலோரத்தில் ஒரு பலகையும் தினமும் கொஞ்சம் விளையாட்டும் போதும். அதை ஊர் சுற்றிக் காட்டவில்லையே என்று குற்றவுணர்வு கொள்ள ஒரு காரணமும் இல்லை.

அப்படிப்பட்ட பூனைக்கு வண்டியே வீண் என்றும் சொல்லமாட்டேன். மருத்துவரிடம் போகத்தானே வேண்டும். கூண்டைக் கையில் தூக்கிப் போனால் ஒவ்வோர் எட்டுக்கும் அது நம் முழங்காலில் மோதி ஆடும். காத்திருக்கும் அறையில் தரையில் வைத்தால் நேரே நாய்களின் மூக்கு மட்டத்தில் இருக்கும். வண்டியில் பூனை இடுப்புயரத்தில் அசையாமல் இருக்கும். முதிய பூனைக்கும், ஒரு கால் இழந்த பூனைக்கும் இதனால் உண்மையான பயனுண்டு.

வாங்கும்போது எல்லாரும் நிறத்தையும் கோப்பை வைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஜிப்பை. மலிவான வண்டிகளில் இரண்டு ஜிப் தலைகள் நடுவில் வந்து சந்திக்கும். முழுக்க மூடினாலும் அந்த இடத்தில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி மிஞ்சும். பூனை முதலில் அங்கே மூக்கை வைத்துக் காற்றை முகரும். பிறகு மூக்காலேயே நெம்பும். ஜிப் ஓர் அங்குலம் விலகியதும் முன்னங்கால் ஒன்று வெளியே வரும். தலை நுழைந்துவிட்டால் உடம்பும் நுழைந்துவிடும். இவ்வளவுக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. நீங்கள் அப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு ஜிப் தலைகளையும் சேர்த்துப் பூட்ட, சாவிக்கொத்தில் மாட்டும் சிறு கொக்கி ஒன்று போதும். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

உள்ளே ஒரு பட்டையும் கொக்கியும் கொடுத்திருப்பார்கள். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டுவது ஆபத்தான தவறு. பூனை விளிம்பைத் தாண்டிக் குதித்தால் கழுத்திலேயே தொங்கும். மார்பையும் தோளையும் சுற்றி அணியும் ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும். ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். தளர்வாக இருந்தால் பூனை பின்னோக்கி நெளிந்து சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றிவிடும். பட்டை, பூனை எழுந்து திரும்பும் அளவுக்கு நீளமாகவும், விளிம்பைத் தாண்ட முடியாத அளவுக்குக் குட்டையாகவும் இருக்கட்டும்.

சக்கரத்தைப் பற்றிக் கோலாலம்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ கடைவரிசை ஓரமாக நூறு மீட்டர் நடந்தால் போதும்: உடைந்த ஓடு, கால்வாய் மூடியின் இரும்புக் கம்பிகள், கடைக்குக் கடை மாறும் தரை உயரம், நடைபாதையிலேயே நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள். சிறிய பிளாஸ்டிக் சக்கரம் இந்த அதிர்ச்சி முழுவதையும் பூனையின் பாதங்களுக்கு அனுப்பும். முன்சக்கரம் கம்பி இடைவெளியில் இறங்கினால் வண்டி முன்னுக்குக் கவிழும். பெரிய ரப்பர் சக்கரமும் உறுதியான பிரேக்கும் உள்ளதாகப் பாருங்கள். மின்படிக்கட்டில் எந்த வண்டியையும் ஏற்றவேண்டாம்.

பெட்டி வந்த அன்றே வண்டியின் பாகங்களைப் பொருத்தி, பூனையைப் பிடித்து உள்ளே வைத்து, நேரே கீழே போகிறவர்கள்தான் பிறகு “எங்கள் பூனைக்கு இது ஒத்துவரவில்லை” என்று பாதி விலைக்கு விற்கிறார்கள். வண்டியைக் கூடத்தில் பிரேக் போட்டு, திறந்து, சில நாள்கள் சும்மா விட்டுவையுங்கள். நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய சட்டை ஒன்றை உள்ளே விரியுங்கள். உணவை அதற்குள் வையுங்கள். தானாக ஏறிப் படுக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் மூடித் திறங்கள், பிறகு வீட்டுக்குள் தள்ளுங்கள், பிறகு நடைக்கூடம், பிறகு லிப்ட். லிப்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தரை நகர்கிறது, காது அடைக்கிறது, ஆறாவது மாடியில் கதவு திறந்தால் ஒரு நாய் நிற்கிறது. வேலைக்குப் போகிற நேரத்தையும் திரும்புகிற நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். பூனையின் முக மணத்தைப் போலச் செய்யப்பட்ட ஃபெலிவே தெளிப்பானைப் பயன்படுத்துவதென்றால் துணியில் அடித்து, கால் மணிநேரம் ஆறவிட்டுப் பிறகு பூனையை ஏற்றுங்கள்.

இனி வெப்பம். குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்த காணொளிகளைப் பார்த்து நம் ஊரில் கிளம்புகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி வரை. வியர்வை என்பது அதற்குப் பாதத்தின் அடியில் மட்டும்தான். உடம்பை நக்கி ஈரமாக்கி, அந்த ஈரம் காயும்போது குளிர்ச்சி அடைவதே அதன் முக்கிய வழி. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் எளிதில் காய்வதில்லை. பிற்பகலில் வெளியே 33 டிகிரி என்றால், கறுப்புத் துணி போர்த்திய வண்டிக்குள் அதைவிட அதிகம் இருக்கும். அதன்மேல் மழைக்காகப் பிளாஸ்டிக் உறையையும் மாட்டி வெயிலில் நிறுத்தினால் அது இட்லிப் பானைதான். மூக்கு தட்டையான பெர்சியப் பூனைகளும் அவற்றின் கலப்பினங்களும் இந்த ஊரில் ஏராளம். மூச்சுப்பாதை குறுகிய அவற்றுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

நாய் வாயைத் திறந்து மூச்சிறைப்பது வழக்கம். பூனை அப்படிச் செய்தால் நிலைமை மோசம் என்று பொருள். “சிரிக்கிறது பார்” என்று படம் எடுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், எரிச்சலாக இருக்கும். வாய் திறந்த மூச்சு, எச்சில் வடிதல், ஈறு கருஞ்சிவப்பாதல், தள்ளாட்டம் இவற்றில் எதைக் கண்டாலும் உடனே நிழலுக்கு அல்லது குளிர்சாதனம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். அங்கிருந்து நேரே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தெளிந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும், ஏனெனில் உள்ளுறுப்புகளின் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும்.

இங்கே விடிவதே ஏழு மணிக்கு மேல். அதிலிருந்து ஒன்பது மணிக்குள் போய்த் திரும்பிவிடுவது உத்தமம். மாலையில் சூரியன் இறங்கினாலும் தார்ச்சாலை பகலில் குடித்த வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வண்டியின் அடித்தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும்.  பூனையின் செவி நம்முடையதைவிடக் கூர்மையானது. நமக்குத் தூரத்து இடியாக இருப்பது அதற்கு அப்படி இராது. புகைமூட்ட நாள்களில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பூனை வீட்டிலேயே இருக்கட்டும்.

கொசுவுக்குப் பயந்து செய்கிற தவறும் உண்டு. நமக்குப் பூசும் கொசுவிரட்டியை வண்டியில் தெளிப்பது, எலுமிச்சைப்புல் எண்ணெயைத் துணியில் தடவுவது, நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனையின் பிடரியில் ஊற்றுவது. மூன்றும் வேண்டாம், மூன்றாவது உயிரையே வாங்கும். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரினைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. டெட்டால் போட்டு வண்டியைக் கழுவுவதும் இதே காரணத்தால் கூடாது; அது காலில் ஒட்டும், பூனை காலை நக்கும்.

அடுத்தது, “செல்லப்பிராணிகளுக்கு அனுமதி” என்ற பலகையை நம்பிப் போவது. அந்தப் பலகை பெரும்பாலும் நாயை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. டேசா பார்க்சிட்டி பூங்காவுக்கு ஞாயிறு மாலை போய்ப் பாருங்கள்: புல்வெளி முழுக்க நாய்கள். நாய்க்காரர்களுக்கு அது சொர்க்கம். வலைக்கு அந்தப் பக்கம் ஹஸ்கி நாயின் முகம் ஒன்று வந்து மூச்சுவிட்டால் உங்கள் பூனைக்கு எப்படி இருக்கும்? அதே பூங்கா வேலை நாளின் காலையில் வேறு இடம். பத்துமலைப் பக்கம் வண்டியோடு போகவே வேண்டாம். தேங்காயையும் பிளாஸ்டிக் பையையும் பறிக்கிற குரங்குக்கு ஜிப் ஒரு பொருட்டல்ல. பேரங்காடிகளில் சிலவற்றில் விடுவார்கள், சிலவற்றில் வண்டிக்குள் இருந்தால் மட்டும் விடுவார்கள், விதியும் அடிக்கடி மாறும்; முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில்களை நம்பித் திட்டமிடாதீர்கள். கிராப் வாடகைக் கார் செயலியில் செல்லப்பிராணிக்கென்றே உள்ள சேவையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் காரை வரவழைத்துவிட்டு ஓட்டுநரிடம் சண்டை போடுவது நியாயமில்லை. அடுக்குமாடி என்றால் நிர்வாகத்தின் வீட்டு விதிகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

நாய் வராத இடத்திலும் மனிதர்கள் வருவார்கள். இந்த ஊரில் பூனைக்கு இருக்கும் மவுசு தெரிந்ததுதான். “குழந்தை என்று எட்டிப் பார்த்தேன் அம்மா, பூனையா!” என்று ஒரு பாட்டி நிற்பார். “குச்சிங்! குச்சிங்!” (மலாயில் பூனை) என்று பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவருவார்கள். கூடவே ஒரு கை கேட்காமலேயே உள்ளே நுழையும். கூச்சப்பட்டுச் சும்மா நின்றால் கீறல் அந்தக் கைக்கு, பழி பூனைக்கு. மேல்மூடியைத் திறக்காமல், “மாஃப், டியா தாகுட்” (மன்னிக்கவும், அது பயந்திருக்கிறது) என்று சொல்லிவிட்டு நகருங்கள். பயந்திருக்கிறது என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தெருப்பூனைகளிடம் கவனம் தேவை. வலையின் இருபுறமும் மூக்கும் மூக்கும் தொடுவது பார்க்க அழகுதான். சளிக்காய்ச்சல் கிருமி பரவ அதுவே போதும். பான்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கான தடுப்பூசி முடியாத குட்டியை வெளியே கொண்டுவரக் கூடாது. முதலாவது வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சக்கரத்தில் ஒட்டி வீட்டுக்குள் வரும். நன்றாக நீர்த்த குளோரின் வெளுப்பான் கொண்டு சக்கரத்தைத் துடைத்து, கழுவி, காயவிடுங்கள். மூக்கிலும் முகத்திலும் ஆறாத புண் உள்ள தெருப்பூனையைக் கண்டால் தொடாதீர்கள். மலேசியாவில் காணப்படும் ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம், கீறினால் மனிதருக்கும் தொற்றும். பூனைக்கு மைக்ரோசிப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. அதில் பதிவான தொலைபேசி எண் இன்றும் உங்களுடையதா என்று பாருங்கள்.

எப்போது திரும்புவது என்பதிலும் பலர் தவறிவிடுகிறார்கள். காது முன்னோக்கி இருக்கிறது, எழுந்து உட்கார்ந்து பறவையைப் பார்க்கிறது என்றால் மகிழ்ச்சி. காது பக்கவாட்டில் மடிந்து, கண்மணி முழுவதும் விரிந்து, உடம்பு தரையோடு ஒட்டி, வாலைச் சுருட்டிக்கொண்டு “அமைதியாக” இருந்தால் அது அமைதி அல்ல, பயத்தில் உறைந்த நிலை. அப்போது மேல்மூடியைத் திறந்து தூக்கி அணைத்துச் சமாதானப்படுத்தத் தோன்றும். பூனை தாவி ஓடித் தொலைந்துபோகக்கூடிய கணம் அதுதான். திறக்காதீர்கள்; வண்டியின் முக்கால் பாகத்தைத் துணியால் மூடிக் காற்றுக்கு ஒரு பக்கம் விட்டு, வீட்டுக்குத் திரும்புங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிடமே தாராளம். தீபாவளிக்குச் சட்டை தைத்துப் போட்டு வெளியே தள்ளிக்கொண்டு வருவதைப் பற்றி என்ன சொல்ல? அன்று வெடிச்சத்தம் ஓயும்வரை பூனைக்கு உள்ளறைதான் சரி.

இரண்டு பூனை வளர்ப்பவர்கள் செலவை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறார்கள். வெளியே மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் வெடிச்சத்தம் போட்டால், அதன்மேல் காட்ட முடியாத ஆத்திரத்தைப் பூனை பக்கத்தில் இருப்பதன்மேல் காட்டும். ஒன்றை மட்டும் கூட்டிப்போனாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை: திரும்பி வருவது வேறு மணத்தோடு வருகிறது, அதுவும் மருத்துவமனையிலிருந்து என்றால் சொல்லவே வேண்டாம். வீட்டில் இருந்தது அதை அந்நியனாகக் கருதிச் சீறும். வந்ததை நேரே கூடத்தில் இறக்கிவிடாமல் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். அது உடம்பை நக்கித் தன் பழைய மணத்துக்கு வரட்டும். இரண்டும் படுக்கும் துணியால் அதன் கன்னத்தையும் முதுகையும் துடைத்துவிடுங்கள். கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். இரண்டும் சீறாமல் சாப்பிட்டு முடித்தால் கதவைத் திறக்கலாம். சீறினால் அன்றிரவு தனித்தனியாகவே தூங்கட்டும்.