புளோக்கின் கீழே ஒரு வேலை நடக்க வேண்டுமா? யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அருகே, அம்மா பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் விழுந்துவிட்டார். நடைபாதைக் கல்லொன்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் மழைநீர் தேங்கியிருந்ததால் அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் கட்டு. அன்று இரவே கோபத்தில் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நடைபாதை, மின்தூக்கி நாற்றம், நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி, கழன்று கிடந்த கைப்பிடிக் கம்பி என்று மனத்தில் இருந்த எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டு, கல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சரியாக எழுதாமல் விட்டுவிட்டேன். "இது எங்கள் பொறுப்பில் இல்லை, உரிய அமைப்புக்கு அனுப்பியுள்ளோம்" என்று இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. கல் அப்படியேதான் இருந்தது.

வசிப்போர் குழுவில் பல வருடம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் எங்கள் புளோக்கில் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது, "தம்பி, கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல அந்த விளக்குக் கம்பத்து நம்பரைப் பாத்து எழுது" என்றார். மறுநாள் ஐந்து வரியில் இன்னொன்று எழுதினேன். பத்து நாளில் ஆள் வந்து கல்லை மாற்றிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் பலருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் கேட்பது எந்த வகை என்று பாருங்கள். உடைந்ததைச் சரிசெய்யச் சொல்கிறீர்களா, ஓர் இடத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறீர்களா, இதுவரை இல்லாத ஒன்றைப் புதிதாகக் கட்டித் தரச் சொல்கிறீர்களா? உடைந்ததைச் சரிசெய்வது அதிகாரிகளுக்கு அன்றாட வேலை, யாரையும் கேட்காமல் குத்தகையாளரை அனுப்பிவிடுவார்கள். அனுமதிக்குப் படிவமும் விதிமுறையும் இருக்கும். புதிதாகக் கட்டுவதற்குப் பணம் வேண்டும், ஆய்வு வேண்டும், மற்ற குடியிருப்பாளர்களின் சம்மதமும் வேண்டியிருக்கும், அதனால் மாதக் கணக்கில், சில நேரம் வருடக் கணக்கில் போகும். மூன்றையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால் நாளைக்கே முடியக்கூடிய வேலையும் முடியாத வேலையோடு சேர்ந்து காத்துக் கிடக்கும். ஒரு விஷயத்துக்கு ஒரு புகார், இதை மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள்.

அடுத்தது, அந்த இடம் யாருடையது. 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசியது நினைவிருக்கலாம். நடைபாதை ஓரத்தில் கிடந்த அந்தக் குச்சியை எடுப்பது யார் வேலை என்ற கேள்வி, ஒரு சில அடி இடத்துக்குள்ளேயே எத்தனை அமைப்புகளின் எல்லைகள் வந்து முட்டிக்கொள்கின்றன என்று காட்டிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தேசிய வளர்ச்சி அமைச்சின்கீழ் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒன்சர்வீஸ் செயலி வந்தது. யார் பொறுப்பு என்று தெரியாவிட்டாலும் அந்தச் செயலியில் இடத்தை வரைபடத்தில் குறித்துப் படத்தோடு அனுப்பினால் உரிய அமைப்புக்குப் போய்ச் சேரும். இப்போது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும்கூட அனுப்பலாம்.

ஆனாலும் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கும் ஓரளவு தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் பதில் வரும்போது அது சரியான பதிலா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். புளோக்கின் தாழ்வாரம், மின்தூக்கி, கீழ்த்தளம், தண்ணீர்த் தொட்டி, புளோக்குகளுக்கு இடையே உள்ள நடைபாதை, இவையெல்லாம் நகர மன்றத்தின் பராமரிப்பு. நகர மன்றமும், வீடுகளைக் கட்டித் தரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் (வீவக) ஒன்றல்ல, நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் நகர மன்றத்துக்குப் போகிறது, அதை நடத்துபவர்கள் நாம் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்கள். சாலை, சாலையோர நடைபாதை, தெருவிளக்கு, போக்குவரத்து விளக்கு, பேருந்து நிறுத்தம் எல்லாம் நிலப் போக்குவரத்து ஆணையம். பொது வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் பொதுப் பயனீட்டுக் கழகம். சாலையோர மரமும் பூங்காவும் தேசியப் பூங்காக் கழகம். கொசு, தெருக் குப்பை என்றால் தேசிய சுற்றுப்புற வாரியம்.

என் ஐந்து வரிகள் ஏறக்குறைய இப்படி இருந்தன: "எங்கள் புளோக்கிற்கும் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலான நடைபாதை, இந்த எண் விளக்குக் கம்பத்தின் அருகில். ஒரு கல் சுமார் மூன்று சென்டிமீட்டர் மேலே தூக்கியிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கிக் கல் மறைந்துவிடுகிறது. சென்ற மாதம் முதியவர் ஒருவர் இங்கே விழுந்து மணிக்கட்டில் அடிபட்டது. படங்கள் இரண்டு இணைத்துள்ளேன்." அவ்வளவுதான். இடத்துக்குக் கம்பத்து எண் இல்லையென்றால் பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண், எம்ஆர்டி ரயில் நிலைய வாசலின் எழுத்து அல்லது எண், புளோக் எண்ணும் மாடியும், இதில் எது கிடைக்கிறதோ அதை எழுதுங்கள். படம் இரண்டு எடுங்கள். ஒன்று தூரத்திலிருந்து, இடம் அடையாளம் தெரியும்படி. இன்னொன்று கிட்டத்தில், அளவு புரிவதற்குப் பக்கத்தில் ஒரு பயண அட்டையை வைத்து எடுத்தது. போகிற வருகிறவர்களின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுத அம்மா, அப்பாவுக்குத் தயக்கமாக இருந்தால் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள், இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

யாராவது விழுந்து அடிபட்டிருந்தால் அன்றைக்கே இடத்தைப் படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கல்லை மாற்றிவிட்டால் கல் தூக்கியிருந்ததற்குச் சாட்சி உங்கள் கைப்பேசியில் மட்டும்தான் இருக்கும்.

அவசரம் என்றால் செயலியில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். மின்தூக்கியில் யாராவது சிக்கிக்கொண்டாலோ தாழ்வாரத்தில் விளக்கெல்லாம் அணைந்தாலோ நகர மன்றத்தின் 24 மணி நேர அவசரப் பராமரிப்பு எண்ணை அழையுங்கள். அது மின்தூக்கியிலேயே ஒட்டியிருக்கும், இப்போதே படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுங்கள். தீ, மருத்துவ அவசரம் என்றால் 995, காவல்துறைக்கு 999.

தாழ்வாரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது நம் வீடுகளில் நிறைய வருகிறது. துளசி மாடம், செருப்பு அலமாரி, அரிசி மூட்டை வந்த பெட்டி, பிள்ளையின் பழைய மிதிவண்டி என்று வாசலில் சேர்ந்துகொண்டே போகும், ஒரு நாள் அகற்றச் சொல்லிக் கடிதம் வரும், மனசு கஷ்டப்படும். அவர்கள் அளந்து பார்ப்பது 1.2 மீட்டர். தீயோ மாரடைப்போ வந்தால் தூக்குப்படுக்கையோடு ஆட்கள் ஓடி வர அவ்வளவு வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். நீங்களே அளவு நாடாவை வைத்துப் பார்த்துத் துளசியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, படத்தோடு பதில் எழுதுங்கள். கார்த்திகைக்கு அகல் ஏற்றினால் அணையும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

சரி, அனுமதிக்கு வருவோம். கல்யாணம், துக்கம், பதினாறாம் நாள் காரியம், எதற்குக் கீழ்த்தளத்தைப் பயன்படுத்துவதானாலும் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். துக்கம் என்றால் ஈமச்சடங்கு நிறுவனத்தாரே பெரும்பாலும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், என்றாலும் வாங்கியாயிற்றா என்று வீட்டில் ஒருவர் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்குத் தேதி குறித்த உடனேயே விண்ணப்பியுங்கள், அதே நாளில் அடுத்த வீட்டு மலாய்க் குடும்பமும் திருமணம் வைத்திருக்கலாம். முன்பணமும் விதிமுறையும் மன்றத்துக்கு மன்றம் மாறும். ஆனால் எல்லா இடத்திலும் பார்ப்பது ஏறக்குறைய இவைதான்: மின்தூக்கிக்கும் கடிதப் பெட்டிக்கும் போகும் வழி திறந்திருக்கிறதா, தீயணைப்பு வண்டி வரும் பாதையில் பந்தலோ மேசையோ நிற்கிறதா, இரவில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும், முடிந்ததும் இடத்தை யார் கழுவுவார்கள். விண்ணப்பத்தோடு கையால் வரைந்த ஒரு சின்ன இடப் படம் வைத்து இந்த நான்குக்கும் நீங்களே பதில் எழுதிவிட்டால் திருப்பிக் கேள்வி வராது. முதல் இரண்டு மாடிக்காரர்களிடம் நேரில் போய், "ஆன்ட்டி, சனிக்கிழமை கொஞ்சம் சத்தமாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு வருவதை எந்தப் படிவமும் கேட்பதில்லை, ஆனால் அன்று இரவு புகார் வராமல் இருப்பது அதனால்தான்.

சாலையில் ஊர்வலம் என்றால் அது வேறு. காவல்துறை அனுமதி வேண்டும், தடத்தை மூடினால் போக்குவரத்துக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை சுமார் மூன்று கிலோமீட்டருக்குச் சாலைத் தடங்கள் ஒதுக்கப்படுவதைப் பார்க்கிறோம். இந்து அறக்கட்டளை வாரியமும் கோயில்களும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசித்தான் அது நடக்கிறது. உங்கள் பேட்டைக் கோயிலில் பால்குடம் எடுப்பதாக இருந்தாலும் தனியாக முயற்சி செய்யாமல் கோயில் நிர்வாகத்தின் வழியாகவே போங்கள்.

புதிதாக ஒன்று வேண்டும் என்பதுதான் கடினமான பகுதி. பேருந்து நிறுத்தம்வரை கூரையிட்ட நடைபாதை, ஒரு ஸீப்ரா கிராசிங், படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம். இங்கே "பல வருடமாகக் கேட்கிறோம்" என்பதைவிட எண்ணிக்கை பேசும். காலை 7 மணியிலிருந்து 8 மணிவரை அந்த இடத்தில் எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள், அதில் முதியவர் எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, வண்டி ஓட்டி வருபவருக்குப் பார்வையை மறைக்கும் புதரோ வளைவோ இருக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் முறை போட்டு எண்ணினோம். அதிகாரிகள் தாங்களே ஆய்வு செய்வார்கள்தான், ஆனால் எந்த நேரத்தில் வந்து பார்த்தால் பிரச்சினை தெரியும் என்று உங்கள் குறிப்பு அவர்களுக்குச் சொல்லும்.

ஏற்கெனவே இருக்கும் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதும் உதவும். முதியவர்கள் அதிகம் உள்ள இடங்களில் வண்டி வேகத்தைக் குறைக்கச் சாலையை மாற்றியமைக்கும் சில்வர் ஸோன் திட்டம் 2014 முதல் நடக்கிறது. கடக்க நேரம் போதவில்லை என்றால் கிரீன் மேன் பிளஸ் கேளுங்கள், முதியவர் தம் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாக எரியும். பேட்டை முழுவதையும் புதுப்பிக்கும் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டமாக இருந்தால் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும், அதனால் வாக்கெடுப்புத் தாள் வரும்போது விளம்பரத் தாளென்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

எழுதியும் நடக்கவில்லையென்றால் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போங்கள். முன்பு எழுதிய புகார் எண்கள், வந்த பதில்கள், படங்கள், எண்ணிய கணக்கு எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோனால் தொண்டூழியர் கடிதத்தை அங்கேயே எழுதிவிடுவார், தமிழில் பேசினாலும் புரிந்துகொள்ள யாராவது ஒருவரைத் தேடித் தருவார்கள். ஆணையத்துக்கோ வாரியத்துக்கோ உறுப்பினர் கட்டளையிட முடியாது, மறுபரிசீலனை செய்யும்படி எழுதுவார். பல நேரம் அதற்கே பலன் இருக்கிறது.

முடியாது என்று பதில் வந்தால் காரணத்தைக் கேளுங்கள், கூடவே அதற்குக் கீழே ஒரு படி என்ன செய்ய முடியும் என்றும் கேளுங்கள். எங்களுக்குக் கூரையிட்ட நடைபாதை கிடைக்கவில்லை, தரைக்கடியில் குழாய்கள் போவதால் தூண் நட இடமில்லை என்றார்கள். வழுக்காத தரையும் ஒரு கைப்பிடிக் கம்பியும் கேட்டோம், அவை வந்தன. அம்மா இப்போது அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.

வேலை முடிந்துவிட்டது என்று செய்தி வந்ததும் அடுத்த கனமழையின்போது ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் இன்னும் தேங்கினால் புதுப் புகார் போடாமல் பழைய புகார் எண்ணிலேயே படத்தோடு பதில் எழுதுங்கள்.