‘சும்மாதானே இருக்கீங்க’ சீசன்: ஓய்வு பெற்ற இருவருக்கு ஒரு கையேடு

நவம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் போன் ஓயாது. குடியிருப்போர் சங்கம், கோயில், ரத்ததான முகாம், பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுத ஆள் தேடுகிறவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் “நீங்க ரெண்டு பேரும் சும்மாதானே இருக்கீங்க” என்ற இடத்துக்கு வந்துவிடும். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். இவர் கணக்கு வாத்தியார். திருவான்மியூரில் குடியிருக்கிறோம். நவம்பர் தொடங்கி காணும் பொங்கல் வரை இந்த ஊரில் நடக்கிற பொதுக்காரியங்களில் எங்கள் வயதுக்காரர்கள் எதை எடுத்துக்கொள்ளலாம், எதற்குக் கும்பிடு போட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் நம் கையிருப்பு என்ன என்று பாருங்கள். சனி, ஞாயிறுகளில் தொண்டு செய்ய ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் ஒரே நிற டி-ஷர்ட்டில் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். அவர்களோடு போட்டி போட்டு மூட்டை தூக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எந்த அமைப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. அந்தப் பதினோரு மணி நம்மிடம்தான் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் “வார நாளில் காலை வேளையில் என்ன வேலை இருக்கிறது?” என்று நீங்களே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் பொன்னாடை கிடைக்காது, வேலை நடக்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை மணிக்கு முடியும்? உட்கார நாற்காலி உண்டா? கழிப்பறை எங்கே? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிற ஆண்களை நிறையப் பார்த்துவிட்டேன். “வாங்க சார், பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள்.

அப்புறம், இருவரும் ஒரே வேலைக்குப் பெயர் கொடுக்காதீர்கள். நாள் முழுக்க வீட்டில் சேர்ந்திருந்துவிட்டு, போன இடத்திலும் “ஏங்க, அந்தப் பையனை ஏன் அதட்டுறீங்க?” என்று நான் ஆரம்பித்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. இவருக்குக் கணீரென்ற குரல். எனக்குக் கணக்கு வழக்கு, படிவம். வேலையை அப்படிப் பிரித்துக்கொண்டோம். சேர்ந்து செய்ய ஒரே ஒரு காரியத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது பறவை எண்ணுவது, பின்னால் வருகிறது. சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்றை மாட்டி, முதலில் டாக்டரிடம் போகும் நாட்களைக் குறியுங்கள். அடுத்து வாரத்தில் ஒரு நாளை இருவருக்கும் வெறுமையாக விடுங்கள். மிச்சம் இருப்பதுதான் ஊருக்கு.

நவம்பர் மாதம் ஆயுள் சான்று மாதம். மத்திய அரசு ஓய்வூதியர்களும் என்னைப் போன்ற வங்கி ஓய்வூதியர்களும் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டிய காலம். (80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம்.) கைரேகை தேய்ந்துபோய், கருவி முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிற பெரியவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். 2021 முதல் முகத்தைக் காட்டியே போனில் முடிக்கலாம். இதைச் செய்து கொடுப்பதைப் போல நம் வயதுக்கு ஏற்ற தொண்டு இந்த சீசனில் வேறு இல்லை என்பது என் கட்சி.

செய்முறை இதுதான். உங்கள் போனில் ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற இரண்டு செயலிகளையும் பிளே ஸ்டோரில் இருந்து இறக்கிக்கொள்ளுங்கள். யாராவது அனுப்புகிற லிங்க்கைத் தொடாதீர்கள். முதலில் இயக்குபவர் என்ற முறையில் உங்கள் ஆதாரையும் முகத்தையும் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஓய்வூதியரின் ஆதார் எண், செல்போன் எண், பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணையின் எண்), வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கொடுத்து, அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு, முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். எல்லோரும் தடுமாறுவது இந்தக் கடைசிப் படியில்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் முகம் இருட்டடிக்கும்; ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லும்போது தலையையும் சேர்த்து ஆட்டுவார்கள், தாடையைச் சுவரில் மாட்டிய படம் போல அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வரும். அதை அவருடைய பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதிக் கொடுங்கள்.

வங்கியில் இருந்தவள் என்பதால் இதைக் கறாராகச் சொல்கிறேன்: அவர்களுடைய ஆதார் நகலையோ பி.பி.ஓ. நகலையோ வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஓ.டி.பி.யை அவரே வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் அவர் போனைக் கையில் வாங்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் செய்வதாக இருந்தால் மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கிற நேரமாகப் போங்கள். நல்லது செய்யப் போய் பழி சுமப்பதற்கு இந்த ஒரு இடம் போதும்.

நவம்பர், டிசம்பர் என்றால் மழையும் உண்டு. 2015, 2023 டிசம்பர்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீரில் இறங்குகிற வேலை நம்முடையது அல்ல. நம்முடையது போன் மேசை. மழைக்கு முன்பே தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள்: எந்த மாடி, என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு இருப்பு இருக்கிறது, வெளியூர்ப் பிள்ளையின் எண் என்ன. இதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கரன்ட் போனால் போனும் போய்விடும். மாநகராட்சியின் 1913, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் அதன் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

டிசம்பரில் தேர்வுகள். பார்வையற்ற மாணவர்களுக்கு எழுத ஸ்கிரைப் தேடுவார்கள். ஆர்வத்தில் உடனே கிளம்பிவிடாதீர்கள். பல தேர்வுகளில் எழுதிக் கொடுப்பவரின் படிப்பு, தேர்வாளரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. பட்டதாரியான நாம் பிளஸ் டூ மாணவருக்கு எழுத முடியாமல் போகலாம். அதோடு மணிக்கு இருபது நிமிடம் வீதம் கூடுதல் நேரம் தருவதால், மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரமாக நீளும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது லேசான காரியம் அல்ல. இவர் அதனால் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பாடம் வாசித்துக் காட்டுகிறார். அதற்குப் படிப்புத் தகுதி பற்றிய விதி எதுவும் குறுக்கே நிற்பதில்லை. கணக்கை வாசிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். “எக்ஸ் கூட்டல் மூன்று, அதன் வர்க்கம்” என்றால் வர்க்கம் மூன்றுக்கு மட்டுமா, மொத்தத்துக்கா? “அடைப்புக்குறி ஆரம்பம், எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்புக்குறி முடிவு, மொத்தத்தின் வர்க்கம்” என்று சொல்ல வேண்டும். எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று: அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். விடை தப்பு என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. வாத்தியார்களுக்கு இது பெரிய தண்டனை.

ரத்ததான முகாமுக்கு வருகிற அழைப்பும் இப்படித்தான். 60 வயதுக்கு மேல் முதன்முறையாகக் கொடுக்க முடியாது. முன்பே கொடுத்து வந்தவர்கள் 65 வரை கொடுக்கலாம். அதற்கு மேல் நமக்குக் கிடைப்பது ஜூஸ் மேசை, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். கொடுத்துவிட்டு உடனே எழுந்து பைக் சாவியைத் தேடுகிற பையன்களைக் கால் மணி நேரம் உட்கார வைப்பது டாக்டரால் ஆகாது. “உட்காருடா கண்ணா, இந்த பிஸ்கட்டைத் தின்னுட்டுப் போ” என்று சொல்கிற அம்மாவால் ஆகும்.

மார்கழி பிறப்பது டிசம்பர் 16-ஐ ஒட்டி. விடியலுக்கு முன்பே கோயில் திறந்து திருப்பாவை, திருவெம்பாவை ஒலிக்கும். எங்களுக்குப் பக்கத்தில் மருந்தீஸ்வரர். கோயிலில் வேலை கேட்டால் செருப்பு பார்க்கிற இடமோ, தொன்னையில் பொங்கல் நிரப்பிக் கொடுக்கிற மேசையோ கேளுங்கள். ஈரமான கருங்கல் படியில் பாத்திரம் தூக்கி ஏறி இறங்குகிற வேலைக்கு உறுதியாகத் தலையாட்டி மறுத்துவிடுங்கள்; இடுப்பு எலும்புக்கு மாற்று ஏது? சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய் நெடுநேரம் நிற்கக் கூடாது, சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். வைகுண்ட ஏகாதசி அன்று திருவல்லிக்கேணிப் பக்கம் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை வேண்டவே வேண்டாம். வெளியே தெருவில் தண்ணீர்ப் பந்தல் இருந்தால் அங்கே உட்காரலாம்.

இந்த மாதத்தில் இன்னொன்றையும் தொண்டுக் கணக்கில்தான் சேர்ப்பேன். சபாக்களில் மதிய வேளையில் டிக்கெட் இல்லாத கச்சேரிகள் நடக்கும். இளம் பாடகர்கள், பாதி நாற்காலி காலி. இருவராகப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து, மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகாமல் இருங்கள். மிருதங்கப் பையன் முகத்தில் தெரியும். காலும் நீட்டி உட்காரலாம்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் குழந்தைகள் இல்லங்களுக்கு கேக்காக வந்து குவியும். நீங்களும் ஒரு பெட்டியோடு போகாதீர்கள். பொறுப்பாளரைக் கூப்பிட்டு என்ன குறைகிறது என்று கேளுங்கள். சானிட்டரி நாப்கின், பேன் சீப்பு, சீருடைக்குப் பட்டன் வைத்துத் தர ஆள் என்று சொல்வார்கள். பிள்ளைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அநாகரிகம் மட்டுமல்ல. இல்லத்துக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே தடுக்கிறது.

போக்குவரத்துக்கு ஒரு வார்த்தை. 60 தாண்டிய சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. ஏசி பஸ்ஸில் செல்லாது. அடுத்த அரையாண்டுக்கான டோக்கனைத் தருவதும் டிசம்பர் கடைசியில்தான். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம் என்பதால் என் டோக்கன்கள் மிச்சமாகின்றன. அதை இவருக்குத் தர முடியாது, படம் ஒட்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இவருக்கு என்மேல் சற்றே பொறாமை.

பொங்கலுக்கு வருவோம். போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தி, புகையில் விமானங்கள் தாமதமான வருடங்கள் உண்டு. குடியிருப்பில் உள்ள பழைய பாய், துணி, தலையணையைப் போகிக்கு ஒரு வாரம் முன்பே கீழே ஓரிடத்தில் சேர்த்து, தூய்மைப் பணியாளர்களிடம் தனியாக ஒப்படையுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்பை யாரும் படிப்பதில்லை, கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். நல்ல புத்தகங்களைத் தனியே எடுத்துவையுங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறை நூலகங்களுக்காகச் சிறைத்துறையே அரங்கு வைத்துப் புத்தகங்களை நன்கொடையாக வாங்கியது உண்டு. இருந்தால் போகிற போக்கில் கொடுத்துவிடலாம்.

பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணுகிறார்கள். 2015-இல் தொடங்கியது. இபேர்ட் செயலியை இறக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, பார்த்ததையும் கேட்டதையும் பதிய வேண்டும். மொட்டை மாடியே போதும். இவர் சொல்வார், நான் குறிப்பேன். காகத்தையும் எண்ண வேண்டும், அதுதான் கஷ்டம், ஓரிடத்தில் நிற்பதில்லை. மைனா, சின்னான், இரட்டைவால் குருவி, பச்சைக்கிளி, செம்போத்து என்று பெயர் தெரிந்தவற்றோடு தொடங்குங்கள். சந்தேகமானதைப் பதியாதீர்கள். “அது வல்லூறுதான்” என்று இவர் எத்தனை அடித்துச் சொன்னாலும் நான் பார்க்காததை எழுதுவதில்லை.

இதே பருவத்தில் பெசன்ட் நகர்ப் பக்கம் கடலாமை நடை பற்றியும் சொல்வார்கள். கரையில் ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்க 1988 முதல் மாணவர்கள் நடத்துவது. நள்ளிரவு மணலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும், நம் முழங்காலுக்கு ஆகாது. முட்டை பொரிய ஒன்றரை மாதமாவது ஆகும். மார்ச் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போய், டார்ச்சும் ஃப்ளாஷும் அடிக்காமல் பார்க்கும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொள்வதே ஒரு வேலைதான்.

கடைசியில் பணம். சங்கத்துக்காகவோ கோயிலுக்காகவோ வசூல் செய்திருந்தால், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, அன்றன்றைக்கே வரவு, இரண்டு பேர் கையெழுத்து. அந்த இரண்டு பேரும் கணவன் மனைவியாக இருக்கக் கூடாது. தை முதல் வாரத்துக்குள் மீதி ரசீது புத்தகங்களையும் பணத்தையும் செயலாளரிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “அடுத்த வருஷத்துக்கு உங்க கிட்டேயே இருக்கட்டும் மேடம்” என்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.