சைனைப் பெருக்கும் எண்ணாகக் கருதலாமா? முதலாண்டு முக்கோணவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்துச் சைன் மதிப்பைக் கண்டுபிடித்துப் பழகியவர்கள், கல்லூரியில் அதே சைனை ஒரு சார்பாகக் கையாள வேண்டி வரும்போதுதான் மதிப்பெண்களை இழக்கிறார்கள். நான் திருத்திய விடைத்தாள்களில் சூத்திரம் மறந்ததால் வந்த பிழைகளைவிட, சைனை ஏதோ அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் எண்ணைப் போல நினைத்ததால் வந்த பிழைகளே மிகுதி.

சைன் 60° என்பது சைன் 30°-இன் இரு மடங்கு என்று எழுதுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சைன் 30°-இன் மதிப்பு 0.5, அதன் இரு மடங்கு 1, ஆனால் சைன் 60° ஏறத்தாழ 0.866 மட்டுமே. 30°, 60° இரண்டின் கூடுதலுக்குச் சைன் காணச் சொன்னால், தனித்தனியே கண்டு கூட்டி 1.366 என்று விடை எழுதுவோரும் உண்டு. சைன் 1-ஐத் தாண்டாது என்பது நினைவிருந்தால் அந்த வரியை அப்போதே அடித்துவிடலாம்.

சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திரும்பக் காணும் நேர்மாறுச் சார்பில் மாணவர்களை முழுவதும் குறை சொல்ல முடியாது. சைனின் தலையில் 2 இட்டால் அது வர்க்கம், −1 இட்டால் மட்டும் நேர்மாறு என்பது குழப்பமான குறியீடு; அந்த −1 கணிதவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1813-இல் கையாண்டது. அதைத் தலைகீழ் என்று கொண்டு கோசீகண்ட் (1/சைன்) எழுதுவது இன்றும் நிற்கவில்லை. சைன் 150°-க்கு நேர்மாறு கண்டால் 150° திரும்பி வராது, 30° தான் வரும். ஏனெனில் அந்தச் சார்பின் வீச்சகம், அதாவது அது தரக்கூடிய விடைகளின் எல்லை, −90° முதல் 90° வரை மட்டுமே.

மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு, சமன்பாட்டின் இருபுறமும் இருப்பதை அடித்துவிடுவது. 0° முதல் 360°-க்குள் (360° நீங்கலாக) 2 சைன் தீட்டா காஸ் தீட்டா = சைன் தீட்டா என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், பலரும் சைனை அடித்து, காஸ் தீட்டா = 1/2 என்று கொண்டு, 60°, 300° என முடித்துவிடுகிறார்கள். சைன் தீட்டா பூச்சியமாகவும் இருக்கலாம் அல்லவா? எல்லாவற்றையும் ஒருபுறம் கொண்டுவந்து சைனைப் பொதுக்காரணியாக வெளியே எடுத்தால் 0°, 180° என்ற இரு தீர்வுகளும் கிடைக்கும். இதற்கு எதிராக, சைன் தீட்டா + காஸ் தீட்டா = 1 என்பதை வர்க்கப்படுத்தினால் இல்லாத தீர்வுகள் வந்து ஒட்டிக்கொள்ளும்: 180°, 270° இரண்டையும் மூலச் சமன்பாட்டில் இட்டால் −1 தான் வரும்.

எந்தக் கால்பகுதியில் எது மிகைக்குறி பெறும் என்பதை நினைவில் வைக்க ‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’ உதவும்: முதலாவதில் எல்லாம், இரண்டாவதில் சைன், மூன்றாவதில் டேன், நான்காவதில் காஸ். ஆனால் வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் கால்பகுதியில் சைன் 3/5 என்றால் காஸ் −4/5.

கால்குலேட்டர் பாகைக்குப் பதிலாக ரேடியன் என்ற கோண அலகில் இருக்கும்போது சைன் 30 என்று தட்டினால் −0.988 காட்டும். தேர்வறையில் இந்தக் குறைக்குறியைக் கண்டவுடன் சந்தேகம் வர வேண்டும். நுண்கணிதத்துக்குப் போகும்போது இந்த அலட்சியம் இன்னும் ஆழமாக வெட்டும்: சைனின் வகைக்கெழு (மாறும் வீதம்) காஸ் என்பது ரேடியனுக்கு மட்டுமே பொருந்தும், கோணத்தைப் பாகையில் வைத்தால் அதனுடன் பை/180, அதாவது ஏறத்தாழ 0.01745, பெருக்கியாக வந்து சேரும்.