400 லிட்டர் பவளத் தொட்டி: வெறும் தரையிலிருந்து முதல் பவளம் வரை

கடல்நீர்த் தொட்டிக்குப் புதியவர்களிடம் 'சின்னதாகத் தொடங்குங்கள்' என்று பலரும் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். 40 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் ஒரே இரவில் அம்மோனியா ஏறிவிடும். 400 லிட்டரில் அதே மீன் செத்தால் பெரும்பாலும் தொட்டி தாங்கிக்கொள்ளும். வெப்பம், உப்பு எல்லாமே நிறைய தண்ணீரில் மெதுவாகத்தான் மாறும். நாம் சுதாரிக்க நேரம் கிடைக்கும்.

ஆனால் பெரிய தொட்டியை நிரப்பியபின் நகர்த்த முடியாது. ஒட்டிய பாறையைப் பிரிக்கவும் மனசு வராது. அதனால் பிறகு மாற்ற முடியாத வேலைகளைப் பற்றித்தான் இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். விளக்கு, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் மாதிரியான சாமான்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அவற்றுக்கு இரண்டு வரி போதும்.

கணக்குக்காக 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரம்பினால் 432 லிட்டர்; நடைமுறையில் 400 என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 1: இடம்

ஒரு லிட்டர் கடல்நீர் 1.025 கிலோ. தண்ணீர் மட்டும் 400 கிலோவைத் தாண்டும். 12 மி.மீ. கண்ணாடி என்றால் தொட்டியே 85 கிலோ இருக்கும். பாறை, மணல், ஸ்டாண்டு, கீழே வைக்கப்போகும் சம்ப் என்னும் இரண்டாவது தொட்டி எல்லாம் சேர்ந்தால் 650, 700 கிலோ என்று வந்து நிற்கும். தரைத்தளத்தில் கான்கிரீட் தரை என்றால் கவலை குறைவு. மாடியிலோ மரத்தளத்திலோ வைப்பதானால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். இதில் ஊகம் வேண்டாம்.

ஸ்டாண்டை வைத்ததும் ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். மூலைக்கு மூலை முறுக்கு இருந்தால் அந்த அழுத்தம் நேராகக் கண்ணாடி ஒட்டுக்குப் போகும். நேரடி வெயில் படக்கூடாது. பின்பக்கம் கை நுழையுமளவு, குறைந்தது 15 செ.மீ., இடைவெளி விடுங்கள். என்றைக்காவது அங்கே ஒரு குழாயை இறுக்க வேண்டி வரும்.

மின்சாரத்தை இப்போதே முடித்துவிடுங்கள். பிளக் பாயின்ட்கள் சம்ப்புக்கு நேர் மேலே இல்லாமல் ஒதுங்கி இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும்; வயர் வழியே வரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கசிவு மின்சாரம் வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். உப்புநீரில் கை வைக்கிற பொழுதுபோக்கு இது.

படி 2: சம்ப், அதன் கணக்கு

தொட்டியின் மேல்மட்ட நீர் ஓவர்ஃப்ளோ வழியாக வழிந்து, ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரண்டாவது தொட்டிக்கு இறங்கும். அதுதான் சம்ப். அங்கே வடிகட்டி, ஸ்கிம்மர், ஹீட்டர் எல்லாம் இருக்கும். கடைசி அறையிலிருந்து ரிட்டர்ன் பம்ப் நீரை மறுபடி மேலே தள்ளும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும். பம்ப் நின்றதும் மேல்தொட்டி நீர், ஓவர்ஃப்ளோ விளிம்பு வரை வடிந்து கீழே வரும். கூடவே ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறி, தன் வாய் வெளியே தெரியும் வரை நீரைக் கீழே இழுக்கும். நம் தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது 7.2 லிட்டர். குழாயின் வாய் 4 செ.மீ. ஆழத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 29 லிட்டர் சம்ப்புக்கு வரும். அதற்கு அங்கே இடம் இருக்கிறதா?

என்னுடைய முதல் தொட்டியில் ரிட்டர்ன் வாயை நீருக்குள் ஆழமாக இறக்கி, சைஃபன் உடைய மேலே ஒரு சின்னத் துளை போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் அந்தத் துளையைப் பாசி அடைத்துவிட்டது. ஒரு நாள் இரவு மின்சாரம் போனது. காலையில் எழுந்து கால் வைத்தால் கூடம் முழுக்க உப்புநீர். மரக் கதவின் அடிப்பாகம் ஊதிப்போயிருந்தது. அதனால் துளையை நம்ப வேண்டாம். ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழேயே வையுங்கள்.

சோதனை இப்படி: வெறும் நல்ல தண்ணீரை நிரப்பி பம்பை ஓட விடுங்கள். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு சம்ப்பில் நீர் ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே இன்னும் நான்கைந்து விரல் இடம் மிச்சம் இருக்கவேண்டும். இல்லையென்றால் சம்ப்பில் ஓடும் மட்டத்தைக் குறைத்து, மறுபடி அணைத்துப் பாருங்கள். சரியானதும் பம்ப் ஓடும்போது உள்ள மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டை மீறி ஒருநாளும் நிரப்பக்கூடாது. ஓவர்ஃப்ளோவிலிருந்து இறங்கும் குழாய் அடைத்தால் உதவ இன்னொரு குழாயும் இருக்கட்டும். இந்த நல்ல தண்ணீரை இரண்டு நாள் விட்டு, எல்லா இணைப்புகளையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால் வடித்துவிடலாம்.

ஸ்கிம்மரைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுக் கழிவிலும் மீன் கழிவிலும் உள்ள புரதங்கள் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். உப்புநீரில் குமிழிகள் மிக நுண்ணியதாக, பால் போலத் திரளும். நல்ல தண்ணீரில் அப்படித் திரளாது. அந்த நுரை மேலேறிக் கோப்பையில் கரும்பழுப்புக் கசடாக விழுகிறது. அழுகித் தண்ணீரைக் கெடுக்கும் முன்பே கழிவை வெளியேற்றும் கருவி இது. வாங்கும்போது தொட்டியின் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள்.

படி 3: தண்ணீர்

குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் குளோரின், பாஸ்பேட், சிலிகேட், சில இடங்களில் செம்பும் இருக்கும். செம்பு சிறிதளவு இருந்தாலும் நத்தை, இறால், பவளம் எல்லாம் சாகும். ஆர்ஓ வடிகட்டி, அதற்கடுத்து மிச்சமிருக்கும் தாதுக்களைப் பிடிக்கும் டிஐ ரெசின் என இரண்டும் கடந்த தண்ணீர் வேண்டும். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டவேண்டும்.

கடல்தொட்டிக்கென்று விற்கும் உப்பைத்தான் கரைக்க வேண்டும். சமையல் உப்பில் கால்சியமோ மெக்னீசியமோ தேவையான அளவில் இல்லை. இலக்கு ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்புச்செறிவு, அதாவது 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு). உப்புக் கலவையில் ஈரமும் சேர்ந்திருப்பதால் லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை தேவைப்படும். நம் தொட்டிக்குச் சுமார் 15 கிலோ. முதல் தடவை தொட்டிக்குள்ளேயே கலக்கலாம், உயிர் எதுவும் இல்லையே. அதன்பிறகு எப்போதும் தனி டிரம்மில்தான்.

தண்ணீரை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு எகிறி, கால்சியம் கார்பனேட் வெண்பொடியாக விழுந்துவிடும். அது மறுபடி கரையாது. உப்புச்செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி அளவுத் திரவத்தால் சரிபார்த்த பிறகே அளவிடுங்கள்.

அடுத்தது ஆவியாதல். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்த அளவை உப்பில்லாத ஆர்ஓ நீரால்தான் ஈடுகட்ட வேண்டும். இதைத் தானாகச் செய்யும் கருவி உண்டு. கட்டாயம் வாங்குங்கள், ஆனால் அதன் நீர்க்கலனைச் சின்னதாக வையுங்கள். சென்சார் ஒருநாள் மக்கர் செய்து 10 லிட்டர் முழுவதையும் ஊற்றிவிட்டாலும் 400 லிட்டரில் 35 என்பது 34-க்குத்தான் இறங்கும். 60 லிட்டர் டிரம் வைத்திருந்தால் கிட்டத்தட்ட 30-க்குப் போய்விடும், தரையும் நனையும்.

வெப்பம் 25, 26 டிகிரி செல்சியஸில் நிலையாக இருக்கட்டும். ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியது நல்லது. ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைக்க அதற்குத் திராணி இருக்காது. வெக்கையான இடமென்றால் நீர்மட்டத்தின் மேல் காற்று வீசும் விசிறி, போதாவிட்டால் சில்லர்.

படி 4: பாறை

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், அவசரப்படாதீர்கள்.

1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் காற்றுக்குமிழியையும் மட்டும் வைத்துப் பவளங்களைத் தொட்டியில் வாழவைத்தார். துளைகள் நிறைந்த அந்தப் பாறைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் அங்கே வடிகட்டி. இன்றும் அதே அடிப்படைதான். இப்போது உயிர்ப்பாறையைவிட உலர்பாறை எளிதாகக் கிடைக்கிறது. வேண்டாத நண்டும் ஐப்டேசியா என்னும் கொட்டும் சிறு அனிமோனும் (பூப் போன்ற கடலுயிர்) அதில் வராது. பாக்டீரியா குடியேற மட்டும் காலமாகும். 10 லிட்டருக்கு 1 கிலோ போதும். துளை அதிகமுள்ள இலேசான பாறையாகப் பாருங்கள்.

மணலுக்கு முன் பாறை. பாறை நேராக அடிக்கண்ணாடியில் உட்காரவேண்டும். மணல்மேல் வைத்தால் பிஸ்டல் இறாலும் கோபி மீனும் அடியில் தோண்டிச் சரித்துவிடும். எல்லாக் கண்ணாடியிலிருந்தும் 10 செ.மீ. தள்ளி அடுக்குங்கள், இல்லையென்றால் காந்தத் துடைப்பான் நுழையாது. சுவர் மாதிரி அடுக்காமல் இரண்டு குன்றாக, நடுவில் நீர் ஓடும் வாய்க்காலோடு விடுங்கள். குன்றின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 20 செ.மீ. காலியாக இருக்கட்டும். இப்போது வெறுமையாகத் தெரியும். இரண்டு வருடத்தில் பவளங்கள் அந்த இடத்தை நிரப்பிவிடும். சேர்க்கும் இடங்களை எபாக்சி புட்டியாலும் சூப்பர் குளூ ஜெல்லாலும் ஒட்டி, கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி ஒட்டுங்கள். பிறகு கழுவிய அராகோனைட் மணல், 3 முதல் 4 செ.மீ. வரை.

படி 5: காத்திருப்பு

தொட்டியில் மீன் இல்லாமல் 4 முதல் 6 வாரம். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இரண்டும் பெருகவேண்டும். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) கொண்டுவாருங்கள். விளக்கை அணைத்தே வையுங்கள், பாசிக்கு வேலை கொடுக்கவேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில் டெஸ்ட் கிட்டை எடுங்கள். வழக்கமான அம்மோனியா கிட்டில் குழாய் முதல் வாரம் பச்சையாகவே இருக்கும். ஒரு நாள் அந்தப் பச்சை வெளுத்து, எலுமிச்சை மஞ்சளுக்குத் திரும்பும். அதே சமயம் நைட்ரைட் குழாய் அடர்நிறத்தில் நிற்கும். அதுவும் ஒருநாள் வெளுக்கும். 2 பிபிஎம் அம்மோனியா ஊற்றி 24 மணி நேரத்தில் இரண்டுமே 0 காட்டினால் தொட்டி தயார். தண்ணீரில் பாதியை மாற்றி, சேர்ந்த நைட்ரேட்டைக் குறையுங்கள்.

விளக்கைப் போட்டதும் மணலெல்லாம் பழுப்புப் படலம் படரும். அது டயட்டம் என்னும் நுண்பாசி, சில வாரத்தில் தானே போகும். நத்தைகளை இப்போது விடலாம். படலத்தைக் கண்டு பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0 ஆக்கிவிடாதீர்கள். அந்த வெற்றிடத்தில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் சளி போன்ற தொல்லை வரும். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 அளவில் இருக்கட்டும்.

படி 6: மீன்

எந்த மீனும் நேராகப் பெரிய தொட்டிக்குள் போகக்கூடாது. பாறையும் மணலும் இல்லாத ஒரு தனித் தொட்டியில், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போட்டு, நான்கு வாரமாவது வைத்துப் பாருங்கள். கடல் வெண்புள்ளி நோய் உள்ளே வந்தால், அதைத் தீர்க்கும் செம்பு மருந்தைப் பவளம் இருக்கும் தொட்டியில் ஊற்ற முடியாது. எல்லா மீனையும் பிடித்து வெளியேற்றி, வாரக்கணக்கில் தொட்டியை மீனில்லாமல் வைக்கவேண்டி வரும். பாறைக்குள் ஒளியும் மீனைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்பது பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடியோடு தொடங்குங்கள். அவற்றுக்கு அனிமோன் தேவையில்லை. அனிமோனுக்குத்தான் ஆறு மாதமாவது பழகிய தொட்டி தேவை. மாண்டரின் மீன் அழகுதான், ஆனால் பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களையே பெரும்பாலும் மேயும்; புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். நீல டாங் 30 செ.மீ. வரை வளரக்கூடியது, 120 செ.மீ. அதற்குச் சிறை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு மீனுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

படி 7: பவளம்

நல்ல எல்இடி விளக்கு ஒன்று. நீல ஒளி தூக்கலாக இருக்கட்டும், பவளத்துக்குள் வாழும் நுண்பாசி அதில்தான் நன்றாக உணவு செய்யும். இரண்டு வேவ்மேக்கர், மணிக்குத் தொட்டி அளவைப் போல 20 மடங்காவது நீரோட்டம்.

எடுத்தவுடன், கல் போன்ற எலும்பு கட்டும் கல்பவளம் வேண்டாம். லெதர், காளான் பவளம் போன்ற மென்மையானவை சிறு தவறுகளைத் தாங்கும். கல்பவளங்களின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வருகிறது. உங்கள் நாட்டில் எது அனுமதி என்று பார்த்து, தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளையே வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. சோவாந்திட், பாலித்தோவா எனப்படும் பொத்தான் பவள இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டே தொடுங்கள்.

புதிய துண்டை முதலில் பூச்சிநீக்கும் கரைசலில் முக்கி அலசுங்கள். விளக்கைப் பாதியாகக் குறைத்து, துண்டைக் கீழ்ப்பகுதியில் ஒட்டி, இரண்டு மூன்று வாரத்தில் ஒளியைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் நாள் அது மூடியேதான் கிடக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாலையில், லெதர் என்றால் மேல்தோலில் ஊசிமுனை அளவு புள்ளிகள் எழும்பி, ஒவ்வொன்றும் எட்டுக் கை விரித்த பூவாகி நீரோட்டத்தில் ஆடும். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பாருங்கள்.

அன்றிலிருந்து வாரம் இருமுறை ஆல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை) அளந்து நோட்டில் எழுதுங்கள். அதன் அலகான டிகேஹெச்சில் 8-க்கு அருகில் நிற்கட்டும்; கால்சியம் 420, மெக்னீசியம் 1,300 பிபிஎம். மென்பவளம் மட்டும் இருக்கும்வரை வாரத்துக்கு 10 விழுக்காடு தண்ணீரை மாற்றினாலே இவை நிலைக்கும். பிறகு கல்பவளங்கள் சேர்ந்து, ஒரு நாள் 8 இருந்தது மூன்றே நாளில் 7.4 ஆகத் தெரியும். தொட்டி எலும்பு கட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வேறுபாட்டை மூன்றால் வகுத்து, அந்த அளவுக்குத் தினமும் ஆல்கலினிட்டி கரைசல் ஊற்ற ஆரம்பியுங்கள்.