தோட்டத்தில் கொட்டகை போடுமுன்: அளவு நாடாவை எங்கே வைப்பது?

இங்கிலாந்தில் வீடு வாங்கி இரண்டு கோடை கழிவதற்குள் தோட்டத்தில் ஒரு மரக் கொட்டகை தேவைப்பட்டுவிடும். புல்வெட்டும் இயந்திரம், பிள்ளைகளின் சைக்கிள், ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பித்தளை அண்டா ஆகியவற்றுக்கு வீட்டுக்குள் இடம் இருக்காது. நானும் பத்தடிக்கு எட்டடியில் ஒன்று வாங்கி நிறுத்தினேன். ஏழாவது வாரம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. எட்டு சென்டிமீட்டர் உயரம் கூடிப்போனதற்காக முழுக் கொட்டகையையும் பிரித்து மறுபடி நிறுத்த நேர்ந்தது. அந்தப் பாடு உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். சுவர்ப்பலகையைப் பூட்டுவது, கூரைக்குத் தார்த்தாள் அடிப்பது எல்லாம் பெட்டியோடு வரும் தாளில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கீழே உள்ள விதிகள் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

படி 1: உங்கள் வீட்டுக்குச் சலுகை உண்டா?

பெரும்பாலான தனி வீடுகளுக்குக் கொட்டகை போடத் திட்ட அனுமதி, அதாவது கட்டுவதற்குக் கவுன்சில் தரும் அனுமதி, வேண்டாம். 2015ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று, சில அளவுகளுக்கு உட்பட்டால் விண்ணப்பிக்காமலே கட்டலாம் என்கிறது. அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மாடியும் கீழுமாகப் பிரித்த மெசனெட் வீடுகளுக்கும் இல்லை. பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடத்தின் வளாகம் என்றால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். பழமை மாறாமல் காக்கவென்று அறிவித்த பகுதியில் (conservation area) இருக்கும் வீட்டின் பக்கவாட்டில் போடுவதானாலும் அப்படித்தான்.

படி 2: இடத்தைக் குறியுங்கள்

வீட்டின் முகப்புச் சுவருக்கு முன்னால் போடக் கூடாது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடம் வரக் கூடாது. இந்தக் கணக்கைப் போடும்போது 1948 ஜூலை 1 அன்று வீடு எப்படி இருந்ததோ அதுவே மூல வீடு. அதற்குப் பின் கட்டிய வீடென்றால் முதலில் கட்டி முடித்த நிலை. உங்களுக்கு முன் இருந்தவர் சமையலறையை நீட்டியிருந்தால் அந்த நீட்டிப்பும் உங்கள் பாதியில்தான் கழியும்.

படி 3: உயரம். இங்கேதான் நான் விழுந்தேன்

விதி இதுதான்: ஒரே தளம். இருபக்கம் சரிந்த கூரை என்றால் உச்சி நான்கு மீட்டர், மற்றக் கூரைகளுக்கு மூன்று மீட்டர், கூரையின் தாழ்விளிம்பு இரண்டரை மீட்டர். ஆனால் கொட்டகையின் எந்த ஒரு பகுதியாவது எல்லைவேலிக்கு இரண்டு மீட்டருக்குள் வந்தால், முழுக் கொட்டகைக்கும் உச்ச அளவு இரண்டரை மீட்டர்தான். வேலிப் பக்கம் தாழ்வாகவும் உள்பக்கம் உயரமாகவும் கட்டித் தப்பிக்க முடியாது. லண்டனில் வரிசை வீடுகளின் தோட்டம் ஐந்தாறு மீட்டர் அகலம்தான். இருபுறமும் இரண்டு மீட்டர் விட்டால் மிஞ்சுவது நடைபாதை. ஆகவே நம்மில் பலருக்கு இரண்டரை மீட்டர்தான் விதி.

நான் வாங்கிய கொட்டகையின் உயரம் விற்பனைத் தாளில் 2.43 மீட்டர். ஏழு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்த அளவு கொட்டகையின் சொந்த உயரம். சட்டம் அளப்பது தரையிலிருந்து. நான் போட்ட கான்கிரீட் தளம் புல்தரைக்கு மேல் பத்து சென்டிமீட்டர் எழுந்து நின்றது. அதன் மேல் ஐந்து சென்டிமீட்டர் தாங்குகட்டைகள். கூட்டிப் பாருங்கள்: 2.58.

தரை என்றால் கொட்டகையை ஒட்டியுள்ள இயல்பான மண்தரை. தளத்தின் மேற்பரப்பையோ மரமேடையையோ தரையாக எடுக்கக் கூடாது. நிலம் சரிவாக இருந்தால், கொட்டகையை ஒட்டிய நிலத்தில் எந்த இடம் மிக உயரமோ அங்கிருந்து அளக்க வேண்டும். இது நமக்குச் சாதகமான விதி. என் தோட்டம் பின்பக்கம் தாழும். பக்கத்து வீட்டுத் தோட்டம் அதைவிடத் தாழ்வு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அளந்தால் 2.75 வந்தது. கவுன்சில் அதிகாரி அந்த அளவை ஏற்கவில்லை. என் பக்கத்து மேட்டில் நாடாவை ஊன்றி அளந்தார். அப்படியும் எட்டு சென்டிமீட்டர் கூடுதல்.

மேட்டைக் கண்டுபிடிக்க ரசமட்டம் போதாது, இவ்வளவு நீளத்தில் ஏமாற்றிவிடும். லேசர் கருவியும் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஊரில் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய்தான் எனக்குப் பிடித்தது. பத்து மீட்டர் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் வாங்கி, தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையிலும் குச்சி நட்டு நீர்மட்டத்தைக் குறித்தால், எந்தக் குச்சியில் கோட்டுக்கும் மண்ணுக்கும் இடைவெளி குறைவோ அதுவே மேடு.

படி 4: அடித்தளம்

அந்த மேட்டை அளந்த பிறகுதான் கொட்டகைக்குப் பணம் கட்ட வேண்டும். கான்கிரீட்டை நான் இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். என் தளத்தை உடைத்து அள்ள இரண்டு வார இறுதிகள் போயின. அதன் பிறகு மண்ணை வெட்டி, சல்லி பரப்பி இறுக்கி, பிளாஸ்டிக் கட்டத் தட்டுகளைத் தரை மட்டத்துக்கே பதித்துச் சரளைக்கல் நிரப்பினேன். தண்ணீர் தேங்குவதில்லை. கட்டையோடு சேர்த்து இப்போது 2.48 மீட்டர்.

தரைப்பரப்பு பதினைந்து சதுர மீட்டருக்குள், யாரும் படுக்காத கொட்டகை என்றால் கட்டட விதிமுறை அனுமதியும் வழக்கமாகத் தேவைப்படாது. புதிதாக மின்னிணைப்பு கொடுப்பதானால் மட்டும் பதிவுபெற்ற மின்பணியாளரை அழையுங்கள். ஆள் தங்க வைக்கும் எண்ணமே வேண்டாம். கொட்டகையில் வாடகைக்கு ஆள் வைப்பதைக் கண்டுபிடிக்க ஸ்லவ் நகரில் 2013இல் விமானத்திலிருந்து வெப்பப் படமே எடுத்தார்கள்.

படி 5: வேலிக்கு அந்தப் பக்கம்

புகார் கொடுத்தவர் யார் என்று கவுன்சில் சொல்லாது. பக்கத்து வீட்டு அம்மையாரே பின்னொரு நாள் சொன்னார். என்னை அழைத்துப்போய்த் தம் பூப்பாத்தியைக் காட்டினார். என் கூரையிலிருந்து சொட்டிய மழைநீர், வேலி ஓரமாக ஈரமண்ணில் வரிசையாகக் குழி பறித்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் கட்டைவிரல் புதையும். புதிதாக நட்ட செடிகளின் வேர் வெளியே தெரிந்தது. “முதலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். அவருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சொட்டுநீர் திட்டப் பிரிவின் வேலை அல்ல. அது இரு வீட்டாருக்கும் இடையிலான உரிமைச் சிக்கல். அதிகாரியால் எடுக்க முடிந்தது உயரத்தை மட்டும்தான்.

ஆகவே கொட்டகை வருமுன்பே வேலி ஓரம் நான்கு மூங்கில் கழிகளை உண்மையான உயரத்துக்கு நட்டு, கயிறு கட்டி, பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்டுங்கள். அவர்கள் சமையலறை ஜன்னலிலிருந்து எப்படித் தெரிகிறது என்று போய்ப் பாருங்கள். வேலியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள், பலகைக்கு எண்ணெய் பூசவும் இடம் வேண்டும். நீர்வடி குழாயையும் பீப்பாயையும் முதல் நாளே பொருத்துங்கள்.

கடிதம் வந்துவிட்டால் பதில் எழுதாமல் இருக்காதீர்கள். அளவுகளைப் படத்தோடு அனுப்புங்கள். விதிக்குள் இருந்தால் பெரும்பாலும் அதோடு முடியும். கூடியிருந்தால் குறைக்கலாம், அல்லது கட்டிய பின் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பின்சேர்க்கை 1: புதிய குடியிருப்பில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர் எல்லா அளவும் சரியாக இருந்தும் மாட்டிக்கொண்டார். குடியிருப்புக்குத் தந்த அனுமதியிலேயே இந்தச் சலுகையை நீக்கியிருந்தார்கள். வீட்டுப் பத்திரத்திலும் தனித் தடை இருக்கலாம். இரண்டையும் படி 1இல் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: “நான்கு ஆண்டு கடந்தால் கவுன்சில் தொட முடியாதாமே?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2024 ஏப்ரல் 25 முதல் அது பத்து ஆண்டு. அதற்கு முன்பே பெரும்பாலும் கட்டி முடித்தவற்றுக்குத்தான் பழைய நான்கு ஆண்டு. செங்கல்லில் பெரிதாகக் கட்டுவோர், கட்டுவதற்கு முன்பே கவுன்சிலிடம் சட்டப்படியானது என்ற சான்றிதழ் வாங்கிவிடுங்கள். வழக்கமான விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.