போர் நூற்றாண்டுக் கண்காட்சி: பெயரிலும் எண்ணிக்கையிலும் நேரும் தவறுகள்

முதல் உலகப் போரின் நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பலகை எழுதுபவர்களுக்கு இது. 1916 ஜூலை 1, பிரான்ஸில் நடந்த சோம் சண்டையின் முதல் நாள். அன்று பிரிட்டிஷ் படையின் கேஷுவால்டி 57,470. தமிழில் எழுதும்போது இதை '57,470 பேர் பலி' என்று போட்டுவிடுகிறார்கள். அன்று இறந்தவர்கள் 19,240 பேர். மற்றவர்கள் காயம்பட்டவர்கள், காணாமல்போனவர்கள், பிடிபட்டவர்கள். சண்டைக்கு இல்லாமல் போன அத்தனை பேரும் கேஷுவால்டியில் அடக்கம். எந்த எண் கையில் கிடைத்தாலும் அதில் இறந்தவர் எத்தனை, எந்த நாட்டுப் படை, எந்தத் தேதி வரை என்று பார்த்த பிறகே பலகையில் எழுதுங்கள். 2014இல் லண்டன் கோபுரத்து அகழியை நிறைத்த 888,246 பீங்கான் பாப்பிப் பூக்களும் (இறந்தவருக்கு ஒன்று வீதம்) பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்குமான கணக்குதான், போரில் இறந்த எல்லோருக்குமானது அல்ல.

தேதியிலும் சறுக்குவார்கள். 1918 நவம்பர் 11 போர்நிறுத்த நாள். வெர்சாய் ஒப்பந்தம் 1919 ஜூன் 28. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களைக் கணக்கில் கொள்கிறது. 1919இல் இறந்தவரை 'போர் முடிந்த பிறகு இறந்தவர்' என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அதிகம் தவறு நடப்பது பெயரில். பிரிட்டனில் ஓர் ஊரின் போர் நினைவுக்கல்லில் 'ஜே. ஸ்மித்' என்று மட்டும் இருக்கும். இணையத்தில் தேடி, முதலில் வரும் ஜான் ஸ்மித்தின் வரலாற்றை ஒட்டிவிடுவார்கள். வேறொருவருடைய மரணத்தை இந்தக் குடும்பத்தின் தலையில் கட்டுவதாகிவிடும். சிப்பாய்க்குக் கொடுத்த படை எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. அன்று ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியாக எண் கொடுத்தது, ஒரே எண் பலருக்கு இருக்கும். பெயர், எண், படைப்பிரிவு மூன்றும் பொருந்த வேண்டும். அதன் பிறகு பெற்றோர் பெயரையோ முகவரியையோ 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிடுங்கள். பணிக்கோப்பு கிடைக்காவிட்டால் ஆள் பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். 1940 செப்டம்பரில் விழுந்த குண்டில், சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. யாருக்கு என்ன பதக்கம் என்று ராணுவம் குறித்துவைத்த பதக்க அட்டைகளில் தேடுங்கள்.

கல்லில் உள்ளதுதான் முழுப் பட்டியல் என்றும் எண்ணாதீர்கள். யார் பெயரைச் செதுக்குவது என்பதை உள்ளூர்க் குழுக்களே தீர்மானித்தன. ஒரே ஆள் பிறந்த ஊர், வேலை பார்த்த ஊர் இரண்டின் கல்லிலும் இருப்பார், சிலர் எதிலுமே இருக்க மாட்டார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. இராக்கின் பஸ்ரா நினைவிடத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள், சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும். இப்படிச் சமமில்லாத நினைவுகூரல் நடந்ததை ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. உங்கள் பலகையும் அந்த எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பெயரைப் போடுங்கள்.

குடும்பங்கள் பொருட்கள் கொண்டுவந்தால் ரசீது கொடுங்கள், கடிதங்களை ஸ்கேன் செய்து அன்றே திருப்பிவிடுங்கள். பதக்கத்தைப் பளபளப்பாக்க வேண்டாம். பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் அடித்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் படிக்கலாம். பாலிஷ் போடப் போட அது தேயும். இறந்தவர் வீட்டுக்கு அனுப்பிய வெண்கலத் தகட்டில் பதவி இருக்காது, ஆனால் முழுப் பெயர் இருக்கும். கல்லில் இருக்கும் அந்த 'ஜே.' ஜானா, ஜேம்ஸா, ஜோசப்பா என்பது அதில் தெரிந்துவிடும்.