ஐஸ் பெட்டியில் பீர்: முழுத் தானிய முறைக்கான கருவிகளை வீட்டிலேயே செய்வது எப்படி?

மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, உடைத்து ஒரு மணி நேரம் 67 டிகிரி செல்சியஸில் ஊற வைக்க வேண்டும்; பிறகு அதன் சாற்றைத் தெளிவாக வடிக்க வேண்டும். டப்பாவில் வரும் மால்ட் பாகைக் கைவிட்டு முழுத் தானிய முறைக்கு மாறுகிறவருக்குப் புதிதாகத் தேவைப்படும் கருவி இந்த இரண்டு வேலைகளுக்குத்தான். பளபளக்கும் எஃகுப் பாத்திரங்களைக் கடையில் பார்த்து மலைத்துப் பின்வாங்க வேண்டாம். சூட்டைக் காக்க ஓர் ஐஸ் பெட்டி போதும். வடிக்க, கைகழுவும் தொட்டிக்கு அடியில் தண்ணீர் இணைப்புக்குப் போடும் எஃகு வலைக்குழாய் போதும்.

முதலில் சட்டம். நான் வசிக்கும் அமெரிக்காவில், 1978-ல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதை வரியிலிருந்து விடுவித்தது. வயதுவந்தோர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

ஊறல் தொட்டி

முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி இளகலாக, லேசான இனிப்போடு இருக்குமே, இங்கும் நடப்பது அதுதான். முளைவிடும் தானியத்தில் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ஆனால் அவை சூட்டுக்குக் கட்டுப்பட்டவை. 65 டிகிரியை ஒட்டி வைத்தால் ஈஸ்ட் முழுதும் தின்னக்கூடிய சர்க்கரை மிகுந்து பீர் இனிப்பில்லாமல் வறட்சியாக வரும். 69-ஐ நெருங்கினால் நாக்கில் கனம் நிற்கும். இரண்டு டிகிரி வித்தியாசம் குடிக்கும்போது தெரியும். அதனால் நல்ல வெப்பமானிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். மற்ற எதிலும் சிக்கனம் பிடிக்கலாம்.

19 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 5 கிலோ மால்ட் தேவை. அதற்கு 38 லிட்டர் கொள்ளும், குழாய் வைத்த உருளை வடிவ ஐஸ் பெட்டி தாராளம். பழையதே போதும், உள்சுவரில் விரிசலும் நாற்றமும் இல்லாமல் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிடுங்கள். அந்தத் துளையில் அரை அங்குல நிப்பிளை (இரு முனையிலும் மரையுள்ள குட்டைக் குழாய்) செருகி, வெளியே பந்து வால்வையும் உள்ளே குழாய் மாட்டும் முனையையும் இணையுங்கள். சுவரின் உள்பக்கம் சிலிக்கோன் வளையம், அதன் மேல் எஃகு வாஷர், மரைகளில் டெஃப்லான் டேப். கையால் இறுக்கிய பின் ஸ்பானரில் கால் சுற்று போதும். மேலும் இறுக்கினால் பிளாஸ்டிக் சுவர் வளைந்து அங்கேதான் ஒழுகும். தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் சரி.

பித்தளைப் பாகங்களின் மேற்பரப்பில் சிறிது ஈயம் இருக்கும். வெள்ளை வினிகர் இரண்டு பங்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு கலந்து பத்து நிமிடம் ஊற வைத்தால் அது நீங்கிவிடும். பாகம் வெண்ணெய் மஞ்சளாக மாறியதும் எடுத்துவிட வேண்டும். கரைசல் பச்சையாகும்வரை விட்டால் செம்பு கரைந்து உள்ளிருக்கும் ஈயம் வெளிப்படும். துத்தநாகம் பூசிய இரும்புப் பாகங்கள் மட்டும் கூடவே கூடாது. ஊறல் லேசான புளிப்புத்தன்மை கொண்டது, துத்தநாகத்தைக் கரைக்கும்.

வலை

வலைக்குழாயின் இரு முனைகளையும் இரும்பறுக்கும் ரம்பத்தால் வெட்டுங்கள். உள்ளே பிளாஸ்டிக் குழாய் இருக்கும். வலையைப் பிடித்து இழுத்தால் அது இன்னும் இறுகும். இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளுங்கள். வலை உப்பி விரியும், உள்குழாய் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கம்பி நுனிகள் ஊசிபோல் குத்தும், கையுறை அவசியம். ஒரு முனையைத் தட்டி மூன்று மடிப்பு மடித்து நசுக்குங்கள். மறு முனையை உள்பக்க முனையில் மாட்டி எஃகு ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். நான் வாங்கிய குழாயின் வலை எஃகு நிறம் பூசிய நைலான். முதல் ஊறலிலேயே சூட்டில் தளர்ந்து, தானியத்தின் பாரத்தில் தட்டையாகிவிட்டது. வால்வைத் திறந்தால் சொட்டுகூட வரவில்லை. ஐந்து கிலோ தானியத்தையும் சமையலறைச் சல்லடையில் கரண்டி கரண்டியாக வடித்தேன். அட்டையில் 'துருப்பிடிக்காத எஃகு' என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். இப்போது என் வலைக்குள் தடித்த செம்புக் கம்பியைச் சுருள்வில்போல் சுற்றி நுழைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அடைத்ததில்லை.

கொதிகலனும் சுருளும்

கொதிகலனுக்கு முப்பத்தைந்து லிட்டர் அலுமினியப் பாத்திரம் போதும். முதலில் வெறும் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். உள்ளே படியும் சாம்பல் நிறப் படலம்தான் பாதுகாப்பு, அதைத் தேய்த்துக் கழுவக் கூடாது. கேஸ் அடுப்பைத் திறந்த வெளியில்தான் பற்ற வைக்க வேண்டும்; மூடிய கேரேஜில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

கொதித்த சாற்றைக் குளிர்விக்க, 15 மீட்டர் நீளமும் 3/8 அங்குல விட்டமும் உள்ள மென்செம்புக் குழாய். குழாய்க்குள் மணலை நிரப்பி, இரு முனையையும் அடைத்து, பெயிண்ட் டின்னைச் சுற்றி மெதுவாக வளையுங்கள். மணல் இருந்தால் மடங்காது. பிறகு மணல் முழுதும் போகும்வரை தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். இரு முனைகளையும் பாத்திர விளிம்பைத் தாண்டி வெளியே வளைத்துத் தோட்டக் குழாயோடு இணையுங்கள். இணைப்பு ஒழுகினாலும் அந்தத் தண்ணீர் சாற்றில் விழக் கூடாது.

முதல் காய்ச்சல்

மால்ட்டைக் கடையிலேயே உடைத்து வாங்கிவிடுங்கள், அரவைக்கருவி பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐஸ் பெட்டியில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். பிறகு 74 டிகிரியில் 15 லிட்டர் தண்ணீரை ஊற்றி, தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டி விழாமல் கிளறுங்கள். அறைச் சூட்டில் இருந்த தானியம் சேர்ந்ததும் 67-க்கு இறங்கும். மூடி, ஒரு மணி நேரம் தொடாதீர்கள்.

வால்வைக் கால்வாசி திறந்தால் முதலில் கலங்கல்தான் வரும். ஒன்றிரண்டு லிட்டரை ஜாடியில் பிடித்துத் திரும்ப மேலே மெதுவாக ஊற்றுங்கள். உமியே வடிகட்டியாகப் படிந்து, சாறு ரசத்தெளிவுபோல் ஓடத் தொடங்கும். முழுதும் வடிந்ததும் 80 டிகிரியில் இன்னொரு 17 லிட்டர் ஊற்றிக் கிளறி, மறுபடி வடியுங்கள். கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரைத் தானியம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் 27 லிட்டர் அளவில் கையில் வரும்.

இதை, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கழுவிய செம்புச் சுருளை உள்ளே இறக்கினால் கொதியிலேயே கிருமி நீங்கிவிடும். அடுப்பை அணைத்துத் தண்ணீரைத் திறங்கள். சுருளிலிருந்து முதலில் வெளிவரும் நீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதை வாளியில் பிடித்து வையுங்கள். சாறு 20 டிகிரிக்கு இறங்கும் அரை மணி நேரத்துக்குள், உமி ஒட்டிக் காய்வதற்கு முன், ஐஸ் பெட்டியையும் வலையையும் அந்த நீரிலேயே கழுவி முடித்துவிடலாம்.